சமையலறை இல்லாத வீடு

ஜெர்மனியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகும் நம்மூர்க்காரர்கள் முதலில் திகைத்து நிற்பது சமையலறை வாசலில்தான். சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய், கழிவுநீர் போக ஒரு துளை, அடுப்புக்கான மின் இணைப்பு, அவ்வளவுதான். மேடை கிடையாது, தொட்டி கிடையாது, அலமாரி கிடையாது. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் கூரையிலிருந்து வயர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். முன்பு குடியிருந்தவர் தன் காசில் வாங்கிப் போட்டதையெல்லாம் கழற்றிக்கொண்டு போயிருப்பார். எல்லா வீடும் இப்படியில்லை. விளம்பரத்தில் ‘ஈ.பி.கே.’ என்று மூன்றெழுத்து இருந்தால் அது சமையலறை பொருத்திய வீடு. அந்த மூன்றெழுத்துக்காக மாதம் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாலும் தகும் என்பது என் கட்சி. இறங்கிய வாரமே எலக்ட்ரீஷியனைத் தேடி அலைய யாருக்குத் தெம்பிருக்கிறது?

கணவருக்கு ஸ்டுட்கார்ட்டில் கார் பாகங்கள் செய்யும் நிறுவனமொன்றில் வேலை கிடைத்து, மகளோடு கோவையிலிருந்து வந்தோம். இப்போது யாராவது கிளம்பப்போவதாகச் சொன்னால், பெட்டியில் என்ன வைப்பது என்றுதான் என்னிடம் முதலில் கேட்கிறார்கள். பெட்டியைக் கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கையில் எடுக்க வேண்டியது காகிதங்களை.

அதிலும் பெயர். கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் மாமனார் பெயர். நான் கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, ஆகவே எனக்கு என் அப்பா பெயர். மகளுக்கு அவள் அப்பா பெயர். ஆக, ஒரே குடும்பத்தில் மூன்று குடும்பப் பெயர். இன்ஷியலில் பழகிய நமக்கு இது சாதாரணம். இங்கே கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் மூன்று பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்ப்பார். திருமணச் சான்றிதழும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் கையிலிருந்தால் அந்தப் பார்வை சீக்கிரம் முடியும். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்று ஊரிலேயே பாருங்கள். நம் பக்கம் பல சான்றிதழ்களில் அந்த இடம் காலியாகவே கிடக்கும். எழுத்தும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையும் அவ்வளவு முக்கியம். 2020 மார்ச்சிலிருந்து பள்ளியில் சேரும் பிள்ளைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட ஆதாரம் காட்டுவது இங்கே சட்டம்.

ஊரில் முடிக்க வேண்டிய இன்னொன்று செல்போன் எண். வங்கி, ஆதார், வருமான வரி என்று எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அந்த எண்ணுக்குத்தான் வரும். ரோமிங்கைப் போட்டு, எஸ்.எம்.எஸ். வருகிறதா என்று பார்த்துவிட்டு, சின்ன ரீசார்ஜிலாவது அதை உயிரோடு வைத்திருங்கள். சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுப்பதையும் தள்ளிப்போட வேண்டாம்.

இனி பெட்டி. கட்டிலையும் பீரோவையும் கப்பலேற்றாதீர்கள். குடிபெயர்பவர் ஆறு மாதமாவது புழங்கிய வீட்டுச் சாமான்களுக்குச் சுங்கவரி விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் இங்கே பழைய சாமான் விற்கும் செயலிகளில் நல்ல தேக்குநிற மேசைகளை, “வந்து எடுத்துக்கொண்டு போனால் போதும்” என்று சும்மாவே கொடுக்கிறார்கள். கோவைக்காரி நான் தூக்கி வந்தது கிரைண்டர். புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ச் சரக்கு என்கிற பெருமை ஒருபுறமிருக்க, அதில் கணக்கும் இருக்கிறது. இந்தியாவைப் போலவே இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். பிளக்கை மட்டும் மாற்றினால் மிக்ஸியும் கிரைண்டரும் அப்படியே ஓடும். அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போகிறவர்கள் இதை நம்பித் தூக்கிப்போக முடியாது, அங்கே 120 வோல்ட். கல்லைத் தனியே கழற்றி, பழைய சேலையில் சுற்றி வேறு பெட்டியில் வைத்தால் எடை பங்காகிவிடும்.

பாத்திரம் எடுக்கும்முன் போகிற வீட்டில் என்ன அடுப்பு என்று கேளுங்கள். இண்டக்‌ஷன் என்றால் அலுமினியக் குக்கர் வெறும் சுமை. அடி தட்டையான இரும்புத் தோசைக்கல் எதிலும் வேலை செய்யும், குழிந்த வாணலி செய்யாது. குக்கர் வளையம் மட்டும் உபரியாக நாலைந்து போட்டுக்கொள்ளுங்கள். நெய், பால்கோவா மாதிரிப் பால் பொருள்களையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரத் தடை இருக்கிறது. கறிவேப்பிலைக் கொத்தையும் அதற்கான தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவர முடியாது. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் விலக்கு. கொண்டுபோவது நம்மூர்க்காரர் என்று தெரிந்தே விதியை எழுதினார்களோ என்னவோ!

வாடகைக் கணக்கு வேறு மாதிரி. ‘குளிர்’ வாடகை என்பது வீட்டுக்கு மட்டும். ‘சூடான’ வாடகையில் ஹீட்டர், தண்ணீர், பொதுச் செலவெல்லாம் சேரும், மின்சாரம் பெரும்பாலும் சேராது. மூன்று அறை வீடு என்றால் ஹாலோடு சேர்த்து மூன்று, அதாவது நம்முடைய டூ பெட்ரூம். முன்பணம் குளிர் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டச் சட்டம் இடம் கொடுக்கிறது. சாவி வாங்கும்போது சுவர்க் கீறல், தரைக் கறை, மீட்டர் அளவு எல்லாவற்றையும் படமெடுத்து, ஒப்படைப்புத் தாளில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணம் முழுசாகத் திரும்புவது அந்தத் தாளைப் பொறுத்தது.

குடிவந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட தாள் தேவை. பதிந்த பிறகு ஆளுக்கொரு 11 இலக்க வரி எண் தபாலில் வரும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் சேர்த்து. இங்கே கட்டடத்துக்குள் வீட்டுக்கு வீடு தனி எண்ணெல்லாம் பெரும்பாலும் கிடையாது. தபால்காரர் பெட்டியில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். பெயர் இல்லையென்றால் திரும்பிப் போகும். வரி எண் வராவிட்டால் சம்பளத்தில் அதிகபட்ச வரியைப் பிடித்துவிடுவார்கள். ஆகவே வீட்டுக்குள் திரைச்சீலை போடும்முன் தபால் பெட்டியில் பெயரை ஒட்டுங்கள். எங்கள் பெட்டியில் மூன்று பெயர், கூட்டுக் கம்பெனி போர்டு மாதிரி.

வீட்டுக்குள் பழக வேண்டியது இரண்டு. இரவு பத்து மணிக்குமேலும் ஞாயிறு முழுக்கவும் சத்தம் கூடாது. ஆணியடிப்பதும் மாவாட்டுவதும் சனிக்கிழமையே முடிந்தாக வேண்டும். கடைகளும் ஞாயிறன்று மூடிக்கிடக்கும், பால் தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான். இரண்டாவது, ஜன்னல். பனி கொட்டினாலும் காலையும் மாலையும் ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னல்களை ஐந்து பத்து நிமிடம் விரியத் திறந்துவிட வேண்டும். இட்லி ஆவியும் சோறு வடித்த ஆவியும் வெளியே போகாவிட்டால் சுவர் மூலையில் பூஞ்சை பூத்துவிடும். பிறகு பழி நம் சமையல்மேல்தான் விழும்.

இதையெல்லாம் செய்தும் அது வாடகை வீடாகத்தான் இருந்தது. பூஜை அலமாரி வைத்தேன், அம்மா கொடுத்த பித்தளை விளக்கு வைத்தேன். அழகாகத்தான் இருந்தன. வந்துபோகிறவர்கள் படமெடுத்தார்கள். வீடு ஒட்டிக்கொண்டது மாடிப்படியில். ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் ‘கேர்வோகெ’ என்று ஒரு முறை உண்டு. குடியிருப்பவர்கள் வாரத்துக்கு ஒருவராக முறைவைத்துப் படிக்கட்டையும் நடையையும் கூட்டித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஓர் அட்டை தொங்கும். எங்கள் கதவில் அது முதன்முதலாகத் தொங்கிய சனிக்கிழமை, நான் விளக்குமாறோடு இறங்கியபோது கீழ் வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து நின்றார். ஒரு சொல் பேசவில்லை. படியின் உள்மூலையை விரலால் காட்டினார். தூசி அங்கேதான் ஒதுங்கியிருந்தது. என் கையிலிருந்த துணியை வாங்கி, நன்றாகப் பிழிந்து, மேல் படியிலிருந்து கீழே ஒரே இழுப்பில் துடைத்துக் காட்டினார்.

கோவையில் விடிகாலை வாசல் தெளித்துக் கோலம் போட்டு வளர்ந்தவளுக்கு விளக்குமாறு பிடிக்கக் கற்றுக்கொடுப்பதா என்று சுருக்கென்றுதான் இருந்தது. அடுத்த முறை பாட்டி தலையை மட்டும் ஆட்டினார். அதற்கடுத்த முறை பேச்சு வந்தது. குழந்தை மருத்துவர் யாரிடம் இடம் கிடைக்கும், பனிக்காலத்துக்கு எந்தச் செருப்புக் கடை என்று எல்லாம் அந்தப் படியில் நின்றுதான் தெரிந்துகொண்டேன். முறைவாசலைக் காசு கொடுத்து ஆள் வைத்து முடிக்கும் கட்டடங்களும் உண்டு. அப்படிப்பட்ட வீடு கிடைத்தவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

தமிழ்க் காதுக்கு ஈழத்தமிழர் கடை. 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் ஊன்றிய வேர் ஜெர்மனி முழுக்க ஓடியிருக்கிறது. ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் அவர்கள் எழுப்பியது. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் தமிழாலயங்களும் அவர்களுடையவையே. கடைக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்: “தங்கச்சி, வியாழக்கிழமை பின்னேரம் வாங்கோ. அண்டைக்குத்தான் மரக்கறி வரும். முருங்கைக்காய் எடுத்து வைக்கிறன்.” “சரிங்கண்ணா” என்றேன். இப்போது எங்கள் வீட்டில் வியாழன் சாம்பார் நாள்.

ஊரிலிருந்து பெரியவர்களை அழைப்பதானால், அழைப்பவர் செலவுக்குப் பொறுப்பேற்கும் உறுதிப் பத்திரத்தை வெளிநாட்டவர் அலுவலகத்தில் வாங்க வேண்டியிருக்கலாம். அந்தத் தேதி கிடைக்கவே நாளாகும், முன்கூட்டியே பதியுங்கள். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு ஈடு தரும் மருத்துவக் காப்பீடு கட்டாயம். மே மாதம் வரச் சொல்லுங்கள். டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். மாமியார் ஜன்னலருகே உட்கார்ந்துகொண்டு, “இன்னும் விளக்கு வைக்கலையா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.