அடை ஒரே நாளில் தொடங்கட்டும்

உங்கள் வீட்டுக் கம்பத்துக் கோழி இரண்டு நாளாகக் கூட்டை விட்டு எழவில்லையா? கையை அருகில் கொண்டுபோனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கேறுகிறதா? தீனி போட்டாலும் ஓடி வருவதில்லையா? கவலை வேண்டாம். அதற்கு நோய் இல்லை, அடைக்கு வந்திருக்கிறது.

அப்படிப்பட்ட கோழியைப் பல வீடுகளில் இருந்த இடத்திலேயே உட்கார விட்டுவிடுவார்கள். மற்றக் கோழிகள் அன்றாடம் இடும் முட்டைகளையும் அதன் அடியில் சேர்த்துக்கொண்டே வருவார்கள். மூன்று வாரம் கழித்து நான்கைந்து குஞ்சுகள் வரும். மீதி எல்லாம் கூமுட்டையாகிவிடும். "இந்தக் கோழிக்கு அடைகாக்கத் தெரியவில்லை" என்று பழி கோழியின் மேல் விழும். பெரும்பாலும் குறை கோழியிடம் இல்லை. நாள் கணக்கில்தான் இருக்கிறது. அது எப்படி என்று பார்ப்போம்.

அடைக்கு வருதல்

கூட்டில் முட்டைகள் சேரச் சேர, கோழியின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. பாலூட்டிகளுக்குப் பால் சுரக்க உதவும் அதே ஹார்மோன்தான் இது. கோழியிடம் இதன் வேலை வேறு. முட்டையிடுவது நிற்கிறது. பசி குறைகிறது. நெஞ்சுப் பகுதியில் இறகு உதிர்ந்து, இரத்த ஓட்டம் மிகுந்த வெறும் தோல் முட்டைமீது நேராகப் படுகிறது. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ். அந்தச் சூடு இந்தத் தோல் வழியாகவே முட்டைக்குள் இறங்குகிறது.

ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும் பண்ணைக் கோழிகளிடம் இந்தக் குணத்தைக் காண்பது அரிது. அடையில் உட்காரும் கோழி முட்டையிடாது என்பதால், அடைக்கு வராத கோழிகளையே மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். கம்பத்துக் கோழியோ தன் மூதாதையான செங்காட்டுக் கோழியின் குணத்தை இன்னும் வைத்திருக்கிறது. அந்தக் காட்டுக்கோழி இன்றும் தீபகற்ப மலேசியக் காடுகளில் வாழ்கிறது.

பல நாள் முட்டை, ஒரே நாளில் குஞ்சு

காட்டுக்கோழி நாளுக்கு ஒன்றாகப் பல நாள் முட்டையிடும். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் பல நாள் இடைவெளி இருக்கும். ஆனாலும் குஞ்சுகள் ஏறத்தாழ ஒன்றாகவே வெளியே வரும். எப்படி?

முட்டை வெளியே வரும்போதே அதனுள் கரு பல்லாயிரம் உயிரணுக்களாக வளர்ந்திருக்கிறது. தாயின் உடலுக்குள் ஏறத்தாழ ஒரு நாள் இருந்த காலத்தில் அந்த வளர்ச்சி நடந்துவிடும். வெளியே வந்து சூடு ஆறியதும் வளர்ச்சி நின்றுவிடும். ஏறத்தாழ 21 பாகை செல்சியஸுக்குக் கீழே கரு முழுமையாக உறங்கும். ஈடு முடிந்து கோழி நிலையாக உட்கார்ந்ததும் எல்லாக் கருக்களும் சேர்ந்து விழிக்கும். அன்று தொடங்கி 21 நாள்.

பினாங்கில் வரும் சிக்கல்

ஜார்ஜ்டவுனில் நண்பகலில் நிழலிலேயே 31 பாகை வரை வெப்பம் ஏறும். இரவிலும் 21 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அப்படியென்றால் சமையலறை மேடையில் வைத்த முட்டைக்குள் இருக்கும் கரு முழுமையாக உறங்குவதில்லை. முழுமையாக விழிப்பதும் இல்லை. அரைகுறை வெப்பத்தில் தாறுமாறாக வளர்ந்து, பலவீனமாகி, பல கருக்கள் அடைக்குப் போகும் முன்பே இறந்துவிடும். குளிர்பதனப் பெட்டியும் நல்லதல்ல. அதன் 4 பாகைக் குளிர் கருவுக்குக் கேடு.

அடை தொடங்கிய பிறகு முட்டை சேர்ப்பது இதைவிட மோசம். பொரிப்பதற்குச் சற்று முன் குஞ்சு மஞ்சள் கருவின் மிச்சத்தைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்த உணவைக் கொண்டு தீனியின்றி இரண்டு மூன்று நாள் அது தாங்கும். தாய் கூட்டில் காத்திருக்கக்கூடிய காலமும் அவ்வளவுதான். அதன்பின் பொரித்த குஞ்சுகளுடன் இறங்கிவிடும். ஐந்து நாள் தாமதமாக வைத்த முட்டைக்குள் கரு உயிரோடுதான் இருக்கும். ஆனால் சூடு கொடுக்க ஆள் இருக்காது. அது ஓட்டுக்குள்ளேயே இறந்துபோகும்.

என்ன செய்யலாம்?

முதலில், உங்கள் பகுதியில் கோழி வளர்க்க அனுமதி உண்டா என்று மாநகர் மன்றத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். சேவல் கூவினால் அண்டை வீட்டாருக்குத் தொல்லை என்றால், சேவல் வளர்க்கும் ஒருவரிடமிருந்து கருவுற்ற முட்டைகளை வாங்கலாம். பேரங்காடி முட்டை பொரிக்காது. முட்டைப் பண்ணையில் சேவல் இருப்பதில்லை.

கோழி அடைக்கு வந்ததும் அதன் அடியில் பிங்பாங் பந்துகள் நான்கைந்தை வையுங்கள். அவற்றை முட்டை என்றே நம்பி அது அடையில் நிலைத்திருக்கும். அதற்குள் நல்ல முட்டைகளைச் சேருங்கள். வீட்டில் மிகக் குளிர்ந்த, வெயில் படாத இடத்தில் கூர்முனை கீழே இருக்கும்படி வைக்கவும். ஈர மணல் நிரப்பிய மண்சட்டியின் மேல் வைப்பது நம் பாட்டிமார் கண்ட வழி. ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்வதால் சட்டி குளிர்ந்திருக்கும். நம் ஊர் வெப்பத்தில் நான்கைந்து நாளுக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம். முட்டையைக் கழுவவும் வேண்டாம். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் மேல் இருக்கும் மெல்லிய படலம் கிருமிகளைத் தடுக்கிறது.

பிறகு ஒரே இரவில் பந்துகளை எடுத்துவிட்டு எல்லா முட்டைகளையும் வையுங்கள். நடுத்தரக் கோழிக்கு 8 முதல் 10 போதும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி குறியுங்கள். வேறு கோழி வந்து முட்டையிட்டால் குறியில்லாத முட்டையை அன்றே எடுத்துவிடலாம். கூட்டை எலியும் உடும்பும் நுழையாதபடி சிறுகண் கம்பிவலையால் மூடுங்கள்.

இருபத்தொரு நாள்

அடைக்கோழி நாளுக்கு ஒருமுறை சில நிமிடங்களுக்கு இறங்கித் தீனி தின்று, நீர் குடித்து, எச்சமிட்டுத் திரும்பும். அந்த நேரத்தில் முட்டை கெட்டுவிடாது, அதைத் தடுக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அலகால் முட்டைகளை அடிக்கடி புரட்டும். புரட்டாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும்.

ஏழாம் நாள் இரவில் முட்டையின் அகன்ற முனையில் கைவிளக்கை வைத்துப் பாருங்கள். சிலந்திக் கால்கள் போலச் சிவப்பு நரம்புகள் விரிந்திருந்தால் கரு வளர்கிறது. தெளிவாக இருந்தால் கருவுறாத முட்டை. வளையம் போல ஓர் இரத்தக்கோடு மட்டும் தெரிந்தால் கரு இறந்துவிட்டது. இவ்விரண்டையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அழுகி வெடித்து, நல்ல முட்டைகளையும் கெடுக்கும்.

18ஆம் நாளுக்குப் பிறகு கூட்டைத் தொடாதீர்கள். ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு குரல் கொடுக்கும். தாய் மெல்லப் பதில் கொடுக்கும். ஓட்டைக் கொத்தத் தொடங்கிய குஞ்சு முழுவதுமாக வெளிவரப் பல மணி நேரம் ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால், இன்னும் மூடாத இரத்தக் குழாய்கள் கிழிந்துவிடும்.

தாயே கூடு, தாயே ஆசிரியர்

குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்களில் தம் உடல் வெப்பத்தைத் தாமே காக்கும் திறன் போதாது. மின்விளக்கு வைத்து நாம் செய்யும் வேலையைத் தாயின் இறக்கை செய்கிறது. தீனியைக் கொத்திக் கொத்திப் போட்டு, தனிக்குரலில் அழைத்து, எதைத் தின்னலாம் என்று அது கற்றுக்கொடுக்கும். நீங்கள் செய்ய வேண்டியது குஞ்சுத் தீனியும், மூழ்காதபடி கூழாங்கல் போட்ட ஆழமில்லாத நீர்த்தட்டும் கொடுப்பது, தரையை உலர்ந்த நிலையில் வைப்பது. மழைக்காலத்து ஈரத்தரையில் இரத்தக்கழிச்சல் நோய் விரைவாகப் பரவும்.

இன்னொரு எதிரி வெள்ளைக்கழிச்சல் எனப்படும் நியூகாசில் நோய். தாயிடமிருந்து மஞ்சள் கரு வழியே வந்த எதிர்ப்பாற்றல் சில வாரங்களில் கரைந்துவிடும். கம்பத்துக் கோழிகளைத் துரத்திப் பிடித்து ஊசி போடுவது கடினம். மருந்தும் வெயிலில் கெட்டுவிடும். அதனால் 1980களில் அன்றைய மலேசிய வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய அறிவியலாளர்களும் சேர்ந்து, வெப்பம் தாங்கும் வி4 கிருமி வகையைக் கொண்டு, தீனியோடு கொடுக்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். உங்கள் குஞ்சுகளுக்கு எந்த மருந்து, எப்போது என்பதைக் கால்நடைச் சேவைத் துறையிடம் கேளுங்கள்.

மாணவர்களே, கணக்கிட்டுப் பாருங்கள்

ஒரு கோழி மார்ச் 1ஆம் தேதி இரவில் எட்டு முட்டைகளுடன் அடையில் உட்கார்கிறது. மார்ச் 6ஆம் தேதி இரவில் இன்னும் இரண்டு முட்டைகளை யாரோ சேர்க்கிறார்கள். எட்டும் எந்தத் தேதியில் பொரிக்கும்? இரண்டும் எந்தத் தேதியில் பொரிக்க வேண்டும்? தாய் இரண்டு நாள் மட்டும் காத்திருந்தால் அந்த இரண்டின் கதி என்ன? விடையை நோட்டில் எழுதி வீட்டில் காட்டுங்கள். அடுத்த முறை உங்கள் வீட்டுக் கோழி கேறும்போது, அந்தக் கணக்கு இரண்டு குஞ்சுகளின் உயிரைக் காக்கும்.