மூணாறும் நுவரெலியாவும்

இப்பாடத்தில் இரண்டு மலைநகரங்களை ஒப்புநோக்குவோம். ஒன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள மூணாறு. மற்றொன்று இலங்கையின் நுவரெலியா. இவற்றின் நடுவே கடல் கிடக்கிறது. ஆயினும் இரண்டின் தேயிலைத் தோட்டங்களிலும் நம் மக்களின் தமிழ் ஒலிக்கிறது. அதன் காரணத்தையும், பின் விளைந்த பயனையும் ஆராய்வதே நம் நோக்கம்.

பூகோளம்

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டருகே இடைவெளி விட்டு நிற்கிறது. அக்கணவாயின் தெற்கே நெல்லியாம்பதியும் ஆனைமலையும் எழுகின்றன. அவ்வரிசையில், இடுக்கி எல்லைக்குள் நிற்கும் ஆனைமுடி 2,695 மீட்டர் உயரமுடையது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரம் இதுவே. அதற்கு அணித்தே, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. கிழக்குச் சரிவில் இறங்கினால் போடிநாயக்கனூர்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகல (2,524 மீட்டர்) அதன் அருகே நிற்கிறது. குளிரும், மூடுபனியும், மிகுந்த மழையும், நீர் தேங்காத சரிவும் இரண்டிடத்திற்கும் பொது. தேயிலைக்கு வேண்டுவனவும் இவையே.

சரித்திரம்

இலங்கை மலைகளில் ஆங்கிலேயர் முதலில் காப்பி பயிரிட்டனர். 1869-இல் தோன்றிய இலைநோய் அப்பயிரை அழிக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே ஜேம்ஸ் டெய்லர் கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டமிட்டிருந்தார். நாளடைவில் மலையெங்கும் அப்பயிரே பரவியது.

மூணாற்று மலைகளில் முதுவர் குடிகள் வாழ்ந்து வந்தனர். 1877-இல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்றுத் தலைவரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காப்பியும் சின்கோனாவும் பயிரிட்டுப் பார்த்தபின் அங்கும் தேயிலையே நிலைத்தது.

காடு திருத்தியவர் யாவர்? தமிழ்ச் சமவெளியின் நிலமற்ற உழவர்கள். அவருள் பெரும்பாலோர் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான குலத்தினர். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சமும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தியது. கங்காணி முன்பணம் தந்து ஆள் திரட்டினான். சிலர் போடி மலையேறி மூணாறு சேர்ந்தனர். சிலர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். இரண்டிடத்திலும் அவர்களுக்குக் கிடைத்தது ஒரே லயன் அறை, ஒரே கங்காணிக் கடன்.

எல்லையும் தேதியும்

பின்னர் வந்த அரசுகள் எல்லை வகுத்தன. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழர் மிகப்பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30-இல் செய்த சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 2003-ஆம் ஆண்டுச் சட்டம், அதே 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் சந்ததிக்கும் குடியுரிமை அளித்தது.

மூணாற்றார் இந்தியக் குடிகளாகவே இருந்தனர். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழ்நாட்டுடன் இணைக்கக் கிளர்ச்சி நடந்தும், 1956 நவம்பர் 1-இல் அவை கேரளத்தைச் சேர்ந்தன. அவர்களையும் ஒரு தேதி தொடர்கிறது. பட்டியல் சாதிகளைப் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950-இல் வெளியாயிற்று. அதன் முன்னரே தம் முன்னோர் இங்கே குடியிருந்தனர் என்று காட்ட இயலாத குடும்பங்கள் கேரளத்தில் சாதிச் சான்றிதழ் பெற இடர்ப்படுகின்றன. தலைமுறைகளாகக் கம்பெனி லயனில் வாழ்ந்தவரிடம் நிலப்பட்டா எங்ஙனம் இருக்கும்?

பாடத்தின் பயன்

பௌத்தம் ஏற்ற பட்டியல் சாதியினருக்கும் அவ்வுரிமை உண்டென 1990-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆதலின் இது நமக்கு நேரே உரிய பாடம். பிறப்புப் பதிவு, பள்ளிச் சான்று, தோட்ட வேலைப் பதிவு, ரேஷன் அட்டை ஆகியவற்றைப் பெட்டியில் பேணி வைத்தல் நம் குடும்பங்களின் கடமை. முதியோரிடம் முன்னோர் வந்த வழியையும் ஆண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுதலும் வேண்டும்.

காகிதத்தோடு ஒற்றுமையும் வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி நிறுத்தித் தாமே சாலையில் அமர்ந்து, நூற்றுக்கு இருபது போனஸ் கேட்டு வென்றனர். 2020 ஆகஸ்டு 6 இரவில் பெட்டிமுடி லயன்கள் மண்சரிவில் புதையுண்டு எழுபதின்மர் மறைந்தனர். மலையை விளைநிலமாக்கியவரின் சந்ததிக்கு அம்மலையில் அச்சமின்றி உறங்க ஒரு சொந்த வீடு வேண்டும் என்பதை அவ்விரவு உலகுக்குக் காட்டிற்று.

வினாக்கள்

1. மூணாற்றுக்கும் நுவரெலியாவுக்கும் பொதுவான இயற்கைக் கூறுகள் யாவை?
2. ஒரே சமவெளியினின்று சென்ற மக்களின் கதி இரு நாடுகளில் வேறுபட்டது ஏன்?
3. உம் குடும்பம் இவ்வூருக்கு வந்த ஆண்டு எது? அதற்குரிய சான்று யாரிடம் உள்ளது?