எல்லா மங்கலும் புரையன்று

அறுபது வயதைக் கடந்த ஒருவர், கண் சற்று மங்கலாகத் தெரிகிறது என்று வீட்டில் சொன்னால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: "புரையாக இருக்கும். நன்றாக முற்றட்டும், எடுத்துவிடலாம்." இந்த ஊகம் பல வேளைகளில் சரியாகவும் இருக்கிறது. முதுமையில் பார்வை குறைவதற்கு மிகப் பொதுவான காரணங்களுள் ஒன்று கண்புரை. ஆனால், புரையைப் போலவே வலியின்றி, ஓசையின்றிப் பார்வையைக் கவரும் வேறு இரு நோய்களும் உண்டு. புரையினால் இழந்த பார்வையைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மற்ற இரண்டினால் இழந்ததை மீட்பது அரிது. எனவே மங்கலுக்குக் காரணம் எது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்தானது.

முதலில் கண்புரையைப் பார்ப்போம். கண்ணின் பாவைக்குப் பின்னால் பளிங்கு போன்ற ஒரு வில்லை இருக்கிறது. வயது ஏற ஏற அதிலுள்ள புரதங்கள் மாற்றமடைந்து, வில்லை மெல்லக் கலங்குகிறது. எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். நிறங்கள் பழுப்பேறித் தோன்றும். கண்ணாடியை அடிக்கடி மாற்ற நேரும். சிலருக்கு விந்தையான ஒன்று நிகழும். பல ஆண்டுகளாக வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் படிக்க இயலாதவர், திடீரென்று கண்ணாடியின்றிப் படிக்கத் தொடங்குவார். பார்வை திரும்பிவிட்டது என்று வீட்டில் மகிழ்வார்கள். உண்மையில் வில்லையின் நடுப்பகுதி தடித்துக் கிட்டப்பார்வை உண்டாகியிருக்கிறது. இதுவும் புரையின் அறிகுறியே.

"முற்றட்டும்" என்ற அறிவுரை ஒரு காலத்தில் பொருத்தமாக இருந்தது. அன்று பெரிய கீறலிட்டு வில்லையை எடுத்தபின், நோயாளி வாழ்நாள் முழுதும் தடித்த கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. 1949இல் இலண்டனில் ஹரால்டு ரிட்லி என்ற மருத்துவர் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை வில்லையைப் பொருத்தினார். போரில் காயமுற்ற விமானிகளின் கண்களுக்குள் தெறித்த விமானக் கூரையின் அக்ரிலிக் துணுக்குகள், கண்ணைப் பெரிதும் உறுத்தாமல் அங்கேயே கிடந்ததை அவர் கவனித்திருந்தார். அந்தக் கவனிப்பின் பயனை இன்று உலகம் முழுதும் அனுபவிக்கிறது. 1992இல் மதுரையில் அரோலேப் நிறுவனம் இவ்வில்லைகளைக் குறைந்த விலையில் தயாரிக்கத் தொடங்கியது எளியோர்க்குப் பெரும் உதவியாயிற்று. இப்போது ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள திறப்பின் வழியே, புரையை மீயொலி அலைகளால் உடைத்து உறிஞ்சி, மடித்த வில்லையை உள்ளே விரிக்கிறோம். புரை மிக முற்றினால் வில்லை கல்லைப் போல் இறுகி, இந்த அறுவையே கடினமாகிவிடும். சில கண்களில் அழுத்தம் ஏறி வலியும் உண்டாகும். அன்றாட வேலைகளுக்குப் பார்வை போதவில்லை என்று நோயாளி உணரும் நாளே அறுவைக்கு உரிய நாள். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் இன்றளவும் இல்லை. அப்படிச் சொல்லி விற்பவற்றுக்குப் பணத்தைச் செலவிட வேண்டாம்.

அடுத்தது கண் நீர் அழுத்த நோய். கிளாக்கோமா என்பதும் இதுவே. கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் இடையறாது சுரந்து வடிந்துகொண்டிருக்கிறது. வடிகால் அடைபட்டால் உள்ளழுத்தம் உயர்ந்து, பார்வை நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாக மடிகின்றன. பார்வையின் ஓரங்கள் முதலில் போகும்; நடுப்பார்வை கடைசி வரை தெளிவாக இருக்கும். ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் ஈடுசெய்துவிடுவதால் நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. வாசற்காலில் தோள் இடிப்பதும், படியிறங்கும்போது காலடி தவறுவதும் வயதின் தளர்ச்சி என்றே கொள்ளப்படுகின்றன. அழுத்தம் பொதுவாகப் பத்து முதல் இருபத்தொரு மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு கெடுவோர் உள்ளனர். ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்து பார்த்து நிம்மதி அடைய முடியாது. நரம்பை நேரில் காண வேண்டும், பார்வைப் பரப்பையும் சோதிக்க வேண்டும். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால், நாற்பது வயதுக்குப் பின் குறையேதும் தோன்றாவிடினும் சோதித்துக்கொள்ளுங்கள்.

இந்நோய்க்குப் பெரும்பாலும் சொட்டு மருந்துதான் முதல் சிகிச்சை. தேவைப்பட்டால் லேசரும் அறுவையும் உண்டு. மருந்தைப் பற்றி நோயாளிகளிடம் நான் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: "மூன்று மாதம் விட்டேன், பார்வை தெளியவேயில்லை, நிறுத்திவிட்டேன்." இம்மருந்து பார்வையைத் தெளிவிப்பதற்குத் தரப்படுவதன்று, எஞ்சியிருப்பதைக் காப்பதற்குத் தரப்படுவது. இரத்த அழுத்த மாத்திரையைப் போல இதையும் நாள்தோறும் தொடர வேண்டும். ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும். விட்டபின் இமையை மூடி, மூக்கையொட்டிய கண் மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். இரண்டாவது மருந்து இருந்தால் ஐந்து நிமிடம் கழித்து விடுங்கள். ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால் முன்பே தெரிவியுங்கள். டிமோலால் போன்ற சொட்டுகள் அவர்களுக்கு மூச்சுத்திணறலையும் நாடித்தளர்ச்சியையும் உண்டாக்கக்கூடும். உடனிருந்து கவனிப்போருக்கு ஒரு வேண்டுகோள்: முதியவர் மருந்து விட்டுக்கொள்வதை ஒருமுறை அருகிலிருந்து பாருங்கள். கை நடுங்கி, சொட்டு கன்னத்தில் விழுந்துகொண்டிருக்கலாம்.

மூன்றாவது, நீரிழிவினால் விழித்திரையில் உண்டாகும் நோய். உயர்ந்த சர்க்கரை விழித்திரையின் நுண்ணிய இரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது. அவை கசிகின்றன, அடைபடுகின்றன, பின்னர் வலுவற்ற புதுக்குழாய்கள் முளைத்து உடைகின்றன. இவ்வளவும் நடக்கும்போது நோயாளி சோதனைப் பலகையின் கடைசி வரி வரை படித்துக் காட்டக்கூடும். "எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறதே" என்பது இங்கே சான்றாகாது. இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட உடனேயும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். நீரிழிவுடைய பெண் கருவுற்றால் தொடக்க மாதங்களிலேயே சோதனை தேவை. லேசரும், கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தும் உரிய காலத்தில் தரப்பட்டால் பலரின் பார்வை நிலைக்கிறது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைக்காமல் இவற்றை மட்டும் நம்பியிருப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

மேற்கண்டவை மெல்ல வருபவை. திடீரென வரும் சில அறிகுறிகளுக்கு மறுநாள் வரை பொறுத்தல் ஆகாது. கடும் கண்வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது நீர் அழுத்தம் திடீரென உயர்ந்ததாக இருக்கலாம்; வாந்தியைக் கண்டு பித்தம் என்று எண்ணி நேரத்தைக் கழித்துவிடாதீர்கள். கண்ணுக்குள் மின்னல் போன்ற ஒளியும், புதிதாகக் கரும்புள்ளிகளும், ஒருபுறம் திரை விழுந்ததுபோன்ற நிழலும் தோன்றினால் விழித்திரை பிரிந்துகொண்டிருக்கலாம். ஒரு கண்ணின் பார்வை வலியின்றிச் சட்டென மறைவதும் அத்தகையதே.

சிவந்த கண்ணுக்கு மருந்துக்கடையில் தாமே சொட்டு வாங்கி விடும் வழக்கத்தையும் சொல்லாமல் விட இயலவில்லை. அவற்றுள் சில ஸ்டீராய்டு கலந்தவை. முதல் இரண்டு நாளில் சிவப்பு குறையும். ஆனால் நெல் உமியோ தூசியோ பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் உண்டாகியிருந்தால் அது உள்ளே பரவும். மாதக்கணக்கில் விட்டால் நீர் அழுத்தமும் புரையும் அம்மருந்தினாலேயே வரும். தாய்ப்பாலும் இலைச்சாறும் கண்ணில் விடத் தக்கவை அல்ல.

சோதனைக்கு வரும் நாளில் பாவையை விரிக்கும் சொட்டு விடுவோம். சில மணி நேரம் அருகிலுள்ளவை மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். எனவே தாமே வண்டி ஓட்டி வராமல் ஒருவரைத் துணைக்கு அழைத்து வாருங்கள். பழைய கண்ணாடியையும், இப்போது பயன்படுத்தும் மருந்துகளையும், கடையில் தாமே வாங்கிய சொட்டுப் புட்டி இருந்தால் அதையும் தயங்காமல் எடுத்து வாருங்கள்.