காட்டு உயிர்களைப் பார்க்கக் கிளம்பும் இளையர்களுக்கு

கேமரா வாங்கியாயிற்று, சனிக்கிழமை காலையில் புறப்படும் குழுவிலும் சேர்ந்தாயிற்று. வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தால் ஒரு பறவையும் நிற்காது. சொல்ல வேண்டியதை முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

1. ஒரே ஓர் அளவுகோல் போதும். நீங்கள் வந்ததால் அந்த உயிர் தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்தியதா? தூங்கியது எழுந்ததா, மேய்ந்தது தலை தூக்கியதா, குஞ்சுக்கு இரை கொண்டுவந்தது பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்துவிட்டதா? அப்படியென்றால் நீங்கள் பார்வையாளர் இல்லை, இடைஞ்சல். பின்னால் நகருங்கள். “பயப்படவே இல்லை, பாருங்க அங்கிள்” என்று என்னிடம் சொல்லாதீர்கள். அசையாமல் இருப்பதும் பயம்தான். மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தில் குரங்கு பல்லைக் காட்டினால் சிரிக்கிறது என்று நினைத்துக் கூடவே நின்று படம் எடுக்கிறார்கள். அஞ்சும்போதும் அது பல்லைக் காட்டும்.

2. கூடு என்றால் கூடுதல் தூரம். இருவாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரிலிருந்து மறைந்துபோன பறவை. 1994இல் புலாவ் உபின் தீவில் மறுபடி கண்ணில் பட்டது. பிறகு செயற்கைக் கூடுகள் வைத்துப் பெருக்கினார்கள். இன்று அடுக்குமாடி வீட்டுச் சன்னலிலேயே வந்து உட்காருகிறது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் இடைவெளிதான் மிச்சம். அதன் வழியே ஆண் பறவை வாரக்கணக்கில் பழமும் பூச்சியும் ஊட்ட வேண்டும். தாய்க்கும் குஞ்சுக்கும் வேறு வரும்படி இல்லை. இப்போது அந்த மரத்தடியில் இருபது முக்காலி கேமராக்களை நினைத்துப் பாருங்கள். ஆண் வரும், வட்டமடிக்கும், போய்விடும். மூன்று மணி நேரம் காத்திருந்தேன் என்று பெருமை பேசுகிறவர்களைக் கேட்டிருக்கிறேன். அந்த மூன்று மணி நேரமும் பொந்துக்குள் பட்டினி. ஒவ்வொருவரும் “நான் பத்து நிமிடம்தான் நின்றேன்” என்பார். அது உண்மையாகவும் இருக்கும். பொந்துக்குள் இருப்பவளுக்கு நீங்கள் தனி ஆள் இல்லை, காலையிலிருந்து கலையாத ஒரே கூட்டம்.

ஆகவே கூடு எங்கே என்று யாருக்கும் சொல்லாதீர்கள், இடத்தின் பெயர் போட்டுப் படத்தைப் பகிராதீர்கள். படம் தெளிவாக விழட்டும் என்று கிளையை ஒடிப்பதும் வேண்டாம். அந்த இலைதான் குஞ்சுக்கு நிழல், காக்கையின் கண்ணிலிருந்து மறைப்பும்.

3. இரை காட்டி அழைக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் சாம்பல்தலை மீன்கழுகு பாய்ந்து தூக்கும் காட்சி வேண்டும் என்று, மீன் மிதப்பதற்காக அதன் வயிற்றுக்குள் ஸ்டைரோஃபோம் திணித்துத் தண்ணீரில் போட்டார் ஒருவர். வழக்கு நீதிமன்றம் போனது, அபராதம் கட்டினார். கழுகின் வயிற்றுக்குள் என்ன போயிற்று என்பதைப் படம் காட்டாது. கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிடுவதும் இதே ரகம். தன் எல்லைக்குள் வேற்றுப் பறவை நுழைந்துவிட்டது என்று அது இரைதேடலை விட்டுச் சண்டைக்கு வரும். நீங்கள் போனபின் அடுத்த குழு வந்து மறுபடி ஒலிக்கவிடும்.

4. தீனி போடாதீர்கள். 2020 ஜூன் முதல் வனவிலங்குச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: முதல் முறை 5,000 வெள்ளி வரை, மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம். புறாவும் காக்கையும் இதில் அடக்கம். அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கும் பாட்டியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, சட்டம் சேர்க்கும். தானியத்தை இறைத்துவிட்டுப் புறாக் கூட்டத்துக்குள் குழந்தையை ஓடவிட்டுக் காணொளி எடுப்பவர்களிடம்தான் எனக்குக் கோபம். குரங்கு விஷயம் இன்னும் மோசம். காரை நிறுத்தி ரொட்டி வீசியவர் வீட்டுக்குப் போய்விடுவார். மனிதர் கையைப் பார்த்துப் பழகிய குரங்கு பையைப் பிடுங்கும், புகார் போகும், பிடிபடுவது குரங்கு.

5. நீர்நாய்க் குடும்பத்தைத் தொடர்ந்து ஓடாதீர்கள். பீஷானிலிருந்து மரினா பே வரை அவை ஊருக்கே செல்லப்பிள்ளைகள் ஆகிவிட்டன, அதுதான் தொல்லை. 2021 நவம்பரில் தாவரவியல் பூங்காவில் விடியுமுன் ஓடிவந்த ஒருவர் இருட்டில் அவற்றை மிதித்துவிட, அங்கே இருந்த வேறொருவர் கடிபட்டார். குட்டி இருந்தால் இன்னும் விலகி நில்லுங்கள்; நாயைக் கயிற்றில் பிடியுங்கள்.

6. சீட்டு வாங்கிப் பார்க்கும் வேடிக்கைக்கும் இதே அளவுகோல். லிட்டில் இந்தியாவில் வளர்ந்தவர்களுக்குக் கிளி ஜோசியத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது நம் மணி என்ற கிளி காலிறுதி முடிவுகளைச் சரியாக எடுத்துக் கொடுத்து உலகச் செய்தியாயிற்று. இறுதியாட்டத்துக்கு நெதர்லாந்து என்றது; ஸ்பெயின் வென்றது. நாமெல்லாம் சிரித்து மகிழ்ந்தோம். பிழைப்புக்குக் கிளி வைத்திருந்த பெரியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் இரண்டடி நடந்து சீட்டை எடுத்துவிட்டுக் கூண்டுக்குத் திரும்புவதா ஒரு பறவைக்கு வாழ்க்கை என்று வேடிக்கை பார்த்த நாம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஊர்சுற்றும் சர்க்கஸ்களில் காட்டு விலங்கு வித்தை காட்டுவதை 2002லேயே சிங்கப்பூர் தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகுதான் செந்தோசாவின் உல்லாசத் தலத்துக்காக சாலமன் தீவுகளின் கடலில் பிடிபட்ட 27 டால்பின்கள் வாங்கப்பட்டன. 2010இல் லங்காவியில் வைத்திருந்தபோது இரண்டு இறந்தன. 2012இல் சிங்கப்பூர் வரும் விமானத்திலேயே இன்னொன்று இறந்தது. ஏக்கர்ஸ் என்ற விலங்குநல அமைப்பு எவ்வளவோ எதிர்த்தும் 2013இல் காட்சி திறந்தது. கூடாரத்தில் கூடாதது குளத்தில் மட்டும் எப்படிக் கூடும்? எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

7. கடல் வற்றும் நேரத்தில் வாளி வேண்டாம். ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. 2001 கடைசியில் புலாவ் உபினின் செக் ஜாவா கடற்கரையை மண்ணிட்டு நிரப்பும் திட்டம் ஒத்திவைக்கப்பட்டதென்றால், அதைப் போய்ப் பார்த்தவர்கள் எழுப்பிய குரல்தான் காரணம். 2007இல் அங்கே நடைபாலம் போட்டார்கள், எதையும் மிதிக்காமல் பார்க்கலாம். ஆனால் 2021இல் பெருந்தொற்றால் வெளிநாடு போக வழியில்லாத குடும்பங்கள் சாங்கி கடற்கரைக்குத் திரண்டபோது மண்வெட்டியும் வாளியும் கூடவே வந்தன. நண்டும் நட்சத்திர மீனும் பிள்ளைகளின் வாளியில் வெயிலில் கிடந்தன. தண்ணீர் சுடுவதற்கு அதிக நேரம் ஆகாது. கடலுக்கே திருப்பி விட்டாலும், எந்தக் கல்லடியிலிருந்து எடுத்தோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது. அடுத்த முறை சாங்கிக்கு வரும்போது பிள்ளைகளைக் குந்தி உட்காரச் சொல்லுங்கள், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், வாளியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.