மிஸ்ஸியம்மாவுக்கு நல்ல பிரதி தேடுவது எப்படி?

புருஷன் பெண்டாட்டியாக வந்தால்தான் பள்ளிக்கூடத்தில் வேலை. அதற்காக ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தம்பதியாக நடிக்கும் கூத்துதான் 1955 ஜனவரியில் வெளிவந்த ‘மிஸ்ஸியம்மா’. சாவித்திரி குடியிருந்த தி.நகர் ஹபிபுல்லா சாலைப் பக்கமாக இருந்தாலும் சரி, மயிலாப்பூர், அடையாறாக இருந்தாலும் சரி, பாட்டியும் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கக்கூடிய படம். பிரதி மட்டும் உருப்படியாக அமைய வேண்டும்.

முதலில், தமிழ்ப் படம்தானா என்று பாருங்கள். கூடவே எடுக்கப்பட்ட தெலுங்கு ‘மிஸ்ஸம்மா’விலும் சாவித்திரிதான் நாயகி, ஜோடி என்.டி. ராமராவ். துப்பறிகிறேன் என்று தங்கவேலு வந்தால் அது நம்முடையது.

அடுத்தது நீளம். இதில் அவசரப்படாதீர்கள். தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் வந்ததும் படத்தை நிறுத்துங்கள். நீளத்தை அடிக்கணக்கில் போட்டிருந்தால் 90ஆல் வகுத்தால் நிமிடம் கிடைக்கும், 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். மீட்டரில் இருந்தால் 27.4ஆல் வகுக்கவும். 16,000 அடி என்றால் ஏறக்குறைய 178 நிமிடம். வந்த விடையையும் பிரதி ஓடும் நேரத்தையும் ஒப்பிடுங்கள். மூன்று மணி நேரப் படத்தில் ஏழு நிமிடம் குறைந்தால் கத்தரி விழுந்திருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. நொடிக்கு 24 பிரேமில் எடுத்ததை ‘பால்’ (PAL) என்ற டி.வி. முறையில் 25 ஆக ஓட்டினாலும் அவ்வளவு குறையும். அப்போது சுருதியும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். சபாக் காதுகள் உடனே கண்டுபிடித்துவிடும். இருபது நிமிடம் குறைந்தால் சந்தேகமே வேண்டாம், வெட்டியிருக்கிறார்கள். ஒரு வி.சி.டி. தட்டில் 80 நிமிடத்துக்குமேல் கொள்ளாது. ஆகவே இவ்வளவு நீளமான படம் இரண்டே தட்டில் வந்தால் வாங்காதீர்கள். ‘ஒரே டி.வி.டி.யில் மூன்று படம்’ என்பதும் வேண்டாம்; இடத்துக்காகப் பிழிந்து பிழிந்து, ஆள் அசைந்தாலே முகம் கட்டம் கட்டமாக உடையும்.

மூன்றாவது, சட்டகம். அந்தக் காலப் படம் கிட்டத்தட்டச் சதுரமாக, 4:3 அளவில் இருக்கும். அகலத் திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் கால் பங்கு காலி. இழுத்து நிரப்பினால் சாவித்திரியின் முகம் சப்பட்டையாகிவிடும். அவர் கோபத்தைக் காட்டும் விதமும் ஜெமினி அசடு வழிவதும்தான் இந்தப் படத்தின் சிரிப்பு. முகம் போனால் எல்லாம் போச்சு. இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருப்பதுதான் சரியான பிரதி.

ஒளிக்குச் சோதனை, ஏ.எம். ராஜாவும் பி. லீலாவும் பாடிய நிலாப் பாட்டு. மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே பல சாம்பல் நிறங்கள் தெரிய வேண்டும். நிலவொளி பட்ட முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தால், ‘எச்.டி.’ என்று எழுதியிருந்தாலும் ஒதுக்குங்கள்.

கடைசியாக, உங்கள் டி.வி.யில் படத்தின் அளவை 4:3இல் வையுங்கள். ‘மூவி’ முறைக்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்து, ‘ஷார்ப்னெஸ்’ஸைக் குறையுங்கள். பச்சையோ நீலமோ படிந்தால் ‘கலர்’ பூஜ்யம்.

பரணில் பழைய தட்டு கிடந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து ஓட்டிப் பாருங்கள். நீளத்தை அளக்காமல் மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். இணையப் பிரதியில் வெட்டுப்பட்ட காட்சி அதில் இருக்கலாம்.