மத்தளம்பாறையில் வேலை கிடைத்தாயிற்று, அப்புறம்?

சென்னையை விட்டுத் தென்காசிப் பக்கம் வேலைக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2011-இல் இங்கே, மத்தளம்பாறையில், அலுவலகம் தொடங்கியது. அதன் 'டெஸ்க்' மென்பொருள் இங்கே உருவானதுதான். இப்படி ஓர் அலுவலகத்தில் வேலை சீக்கிரம் பிடிபட்டுவிடும். ஆட்களோடு ஒட்டத்தான் நாளாகும். அதில் மூளையின் ரசாயனத்துக்கும் பங்கு உண்டு.

ஆக்சிடோசின், பிரசவத்திலும் தாய்ப்பால் சுரப்பதிலும் வேலை செய்யும் ஹார்மோன். அதை மூக்கில் தெளித்துக்கொண்டவர்கள் முன்பின் தெரியாதவரை நம்பிக் கூடுதல் பணம் கொடுத்தார்கள் என்று 2005-இல் சூரிச் ஆய்வாளர்கள் சொன்னார்கள். உலகமே கொண்டாடியது. பிறகு நடந்த சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. ஆகவே, 'ஆக்சிடோசினைக் கூட்டித் தருகிறேன்' என்று எந்தப் பயிற்சியாளராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சிரிப்பின் கதை வேறு. பின்லாந்தின் துர்க்கு நகரில் நண்பர்களைச் சேர்த்து உட்காரவைத்து நகைச்சுவைக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். கூடிச் சிரித்தபின் மூளையில் எண்டார்பின் வகை ரசாயனங்கள் சுரந்தது ஸ்கேனில் தெரிந்தது. 2017-இல் வெளியான ஆய்வு இது. அதனால் மதியச் சாப்பாட்டை மானிட்டர் முன்னால் தனியாக முடிக்காதீர்கள். சாரல் விழும் சீசனில் நாலு பேர் பழைய குற்றாலத்துக்குக் கிளம்பினால் துண்டோடு நீங்களும் வண்டியில் ஏறுங்கள். அருவிக்கடியில் எல்லாரும் ஈரத்தலைதான், பதவி கிடையாது. திரும்பும்போது பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்குக் காத்திருப்பீர்களே, டீம் லீடர் எப்படிப்பட்டவர் என்பது அங்கேதான் தெரியும்.

ஒட்டுதலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2010-இல் ஆம்ஸ்டர்டாமில் கார்ஸ்டன் டி ட்ரூ குழு செய்த சோதனையில், ஆக்சிடோசின் பெற்றவர்கள் தம் குழுவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். மிரட்டும் எதிர்க்குழுவிடம் முறைத்துக்கொண்டார்கள். இதையும் முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம். ஆனால் 'நீங்க எந்தூரு?' என்று கேட்டு, வடகரைக்காரரும் செங்கோட்டைக்காரரும் ஒரு மேஜையில் கூடிவிட, விழுப்புரத்துப் பிள்ளை தனியாகச் சாப்பிடுவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அந்தப் பிள்ளைக்கு அது சின்ன விஷயமில்லை. 2003-இல் அமெரிக்காவில், கணினிப் பந்து விளையாட்டில் ஒருவருக்கு மட்டும் பந்து வராமல் செய்து பார்த்தார்கள். உடல்வலியின் வேதனையோடு தொடர்புள்ள மூளைப்பகுதி அவரிடம் தூண்டப்பட்டது.

எனவே ஊர்க்காரர்களின் தனி வாட்ஸ்அப் குழுவில் டீக்குத் திட்டம் போடாதீர்கள். 'நாலரைக்கு டீ, வர்றவங்க வாங்க' என்று டீம் குழுவிலேயே போடுங்கள். வராதவரிடம் ஏன் வரவில்லை என்று துருவ வேண்டாம். அடுத்த டீக்கும் கூப்பிடுங்கள்.