ஜெர்மனிக்குப் போகும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: செல்போனில் இயக்கும் மோட்டார் கன்ட்ரோலர் தயாரித்து ஜெர்மனிக்கு அனுப்புகிறோம். அங்கே புதிய சைபர் சட்டம் வந்திருக்கிறதாமே, அது எங்களையும் கட்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம், பொருள் எங்கே தயாரானது என்று பார்ப்பதில்லை. அங்கே விற்றாலே போதும். முழுச் சட்டமும் 2027 டிசம்பர் 11 முதல்தான் பொருந்தும். அதற்காக நாள் இருக்கிறதென்று இருந்துவிடாதீர்கள். கருவியில் உள்ள ஓட்டை வழியாக யாரோ புகுந்துவிட்டதாகத் தெரிந்தால் 24 மணி நேரத்தில் முதல் தகவல், 72 மணி நேரத்தில் விவரம் தர வேண்டும் என்ற விதிக்கு 2026 செப்டம்பர் 11-தான் தேதி. ஏற்கெனவே விற்ற சரக்குக்கும் அது உண்டு.

முதலில் ஒரு கன்ட்ரோலரைத் திறந்து மேசைமேல் வையுங்கள். வைஃபை சிப்பில் ஓடும் மென்பொருள் யார் எழுதியது, எந்தப் பதிப்பு, அதில் யாருடைய நிரல்கள் கலந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். சட்டம் கேட்கும் ஆவணங்களில் இந்தப் பட்டியலும் ஒன்று. எல்லாக் கருவிக்கும் ‘1234’ என்று ஒரே பாஸ்வேர்டு போட்டு அனுப்பும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

பொதுவாக 5 ஆண்டுகளாவது பாதுகாப்பு அப்டேட் தர வேண்டியிருக்கும். அந்தச் செலவை இப்போதே விலையில் சேருங்கள். அபராதம் 1.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய விற்றுமுதலில் 2.5 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம். மென்பொருள் எழுதிக் கொடுத்தவரை இந்த வாரமே கூப்பிட்டுப் பேசுங்கள்.